கிழக்குச் சுவரடி

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் பாதுகாப்புப் பலகைக்காக விண்ணரசி விளக்கப்படம் செய்துகொண்டிருந்தாள். மழைக்காலத்தில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று பார்த்ததும் புரிய வேண்டும். குழியைப் பாதியாக வெட்டினாற்போல் கணினியில் முப்பரிமாணத்தில் கட்டி, படிப்படியாக இறங்கும் பாறைக்கு நிறம் கொடுத்து, அளவு தெரிவதற்கு ஓர் ஆளையும் நிறுத்தியிருந்தாள். இணையத்தில் கிடைக்கிற ஆட்களெல்லாம் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள். அரியலூர்க் குழியில் அவர்களுக்கு என்ன வேலை? அதே சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவன் செபஸ்டினைப் போனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அவனையே உருவாக்கிவிட்டாள்.

மேல்படியில் நிறுத்திய செபஸ்டின், மறுநாள் கோப்பைத் திறந்தால் ஒரு படி கீழே நின்றான். கை பட்டிருக்கும் என்று மேலே ஏற்றினாள். அடுத்த நாள் இன்னும் கீழே. அசையாதபடி பூட்டு போட்டாள், பூட்டோடு இறங்கினான். இன்று காலை அடிப்படியில், கிழக்குச் சுவரை ஒட்டி நின்றான். மழையில் சரியும், நிற்கவே கூடாது என்று அவள் சிவப்பு அடித்திருந்த இடம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. செபஸ்டின் மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இன்னிக்கு வேலைக்குப் போவாதீங்க."

"பொம்மை எறங்குச்சுன்னு லீவு கேட்டா சிரிப்பாங்க விண்ணு."

அவள் மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். அவனும் எவ்வளவு நேரம்தான் தாங்குவான்? போனோடு வாசலுக்குப் போனான், பேசிவிட்டு வந்து சட்டையைக் கழற்றினான்.

"போவல. போதுமா?"

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தாள். செபஸ்டின் மேல்படியில் நல்ல பிள்ளையாக நின்றான். அப்பாடா என்று படத்தைக் கீழே நகர்த்தினாள்.

கிழக்குச் சுவரடியில் இன்னொருவன் நின்றான். அவள் செய்யாத ஆள். செபஸ்டினோடு வேலை பார்க்கிறவன், போன வாரம் கல்லங்குறிச்சிக் கோயிலில் மகளுக்குக் காது குத்தி, இவளுக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றிய அழகேசன்.

"உங்களுக்குப் பதிலா யாருங்க போறா?"

"அழகேசன்தான். ஷிஃப்ட் மாத்திக்கிட்டோம். இந்நேரம் உள்ள எறங்கியிருப்பான், அங்க போனும் கெடைக்காது. ஏன் கேக்குற?"

சொன்னால் ஒரு நிமிடம் நிற்க மாட்டான் செபஸ்டின். வண்டியை எடுத்துக்கொண்டு போய், அவனைக் கூப்பிட அந்தச் சுவரடிக்கே இறங்குவான். படத்தில் அழகேசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மாதான்," என்றாள். "உக்காருங்க, சோறு போடுறேன்."