சண்டை வகுப்பு

மாநாட்டு வாசலில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்கு நீலப் பட்டை, மேனேஜர்களுக்குச் சிவப்புப் பட்டை. அவளுக்கு வந்த அட்டையில் பட்டையே இல்லை. ‘மாதிரி வகுப்பு’ என்று மட்டும் போட்டிருந்தது, கடையில் தொங்கும் துணியில் குத்திய சீட்டு மாதிரி.

ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களும், அந்தப் பயிற்சி நிலையங்களை நடத்துகிற மேனேஜர்களும் வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற கூட்டம் அது. பெரிய ஓட்டலில் ஒரு மாடி முழுக்க வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எதிரே வருகிறவர்கள் முதலில் பட்டையின் நிறத்தைப் பார்த்தார்கள், அப்புறம் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். நீலப் பட்டை அம்மாள் ஒருத்தி நெருங்கி வந்து, “நீங்க எந்தக் காலேஜ்?” என்றாள். இவள் சொன்னாள். அந்த அம்மாளின் சிரிப்பு கடை ஷட்டர் மாதிரி சரசரவென்று இறங்கியது.

அவளுடைய நிலையத்தில் அவளுக்கு ‘முசுடு’ என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு நேரிலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அதை மறுக்கவில்லை. வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. கல்லூரியில் வாயைத் திறந்தபோதெல்லாம் பின்பெஞ்சிலிருந்து சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை விழுங்கி விழுங்கித்தான் ஆங்கிலம் படித்தாள். அப்படிப் படித்தவளுக்கு முகம் எப்படி மலர்ந்திருக்கும்?

ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தம் முடியும்போது மேனேஜர் அறை வாசலில் அவள் போய் நிற்க வேண்டும். உள்ளே அவர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசி முடிக்கிறவரை நிற்க வேண்டும். கடைசியில் நிமிர்ந்து, “பார்க்கலாம்மா, நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே” என்பார். குடும்பத்தில் யாரும் யாரையும் வாசலில் நிற்க வைப்பதில்லை என்று நாக்கு நுனிவரை வரும். வந்ததை விழுங்கிக்கொண்டு வருவாள்.

இந்த வருஷம் அவரே கூப்பிட்டார். “மாநாட்டுல நம்ம நிலையத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்காங்க. மேடையிலேயே வகுப்பு. உன் சாயங்கால வகுப்பு ஆளுங்களைக் கூட்டிட்டு வா. நல்லபடியா முடிஞ்சுதுன்னா நிரந்தர வேலைக்கான ஆர்டர், மேடையை விட்டு இறங்கினதும் உன் கையில.”

சாயங்கால வகுப்பைச் சண்டை வகுப்பு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். லாரி ஓட்டுகிறவர், மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிற பெண், தையல் ஃபாக்டரியில் வேலை செய்கிற இவளுடைய அண்ணி, இன்னும் சிலர். வேலை முடிந்து வந்து தூங்கி வழிகிற அவர்களைப் பாடப்புத்தகம் எழுப்பவில்லை. ஒருநாள் எரிச்சலில், “இந்த வாரம் இங்கிலீஷ் தெரியாம யார்கிட்ட தோத்தீங்க?” என்று கேட்டாள். வகுப்பு விழித்துக்கொண்டது. வங்கியில் தோற்றவர், வீட்டுக்காரரிடம் தோற்றவர், ஆஸ்பத்திரி ஜன்னலில் தோற்றவர் என்று கைகள் உயர்ந்தன. அன்றிலிருந்து அதுதான் பாடம். தோற்ற சண்டையை வகுப்பில் திரும்பவும் போட வேண்டும், ஆங்கிலத்தில், ஜெயிக்கும்வரை. எதிராளியாக வகுப்பிலேயே ஒருவர் நடிப்பார். டீச்சர் மூலையில் நின்றுகொண்டு “சத்தமா” என்பாள், அவ்வளவுதான். ஒரே ஒரு சட்டம் உண்டு. யாரும் ‘சாரி’ என்று பேச்சை ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்தால் எழுந்து நின்று முதலிலிருந்து பேச வேண்டும்.

“மாநாட்டுல நீங்கதான் விருந்தாளிங்க. சண்டை கிண்டையெல்லாம் மேடையில வேணாம்” என்று மேனேஜர் வகுப்புக்கே வந்து சொல்லிவிட்டார். கேள்வியும் பதிலும் அவரே தயாரித்துக் கொடுத்தார். வகுப்பில் வரிசையாக உட்கார வைத்து, இடமிருந்து வலம் ஒத்திகை நடந்தது. முதல் நாற்காலிக்கு ஒரு கேள்வி, அடுத்ததற்கு ஒரு கேள்வி. லாரிக்காரர் பாவம், கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை. தன் முறை வந்ததும் மனப்பாடப் பதிலை இறக்கி வைத்தார், சரக்கு இறக்குகிற மாதிரி. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அதைப் பார்த்தும் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆர்டர் வேண்டியிருந்தது.

அண்ணிக்கும் அது தெரியும். காலையில் கிளம்பும்போது, “ஆர்டரோட வரணும் நீ. இல்லாட்டி உங்கண்ணன் ‘படிச்சு என்ன கிழிச்சா’ன்னு ஆரம்பிப்பார். அந்த வாயைத் தைக்கிற நூல் எங்க ஃபாக்டரியில கூட இல்லை” என்றாள்.

ஆனால் ஓட்டலுக்கு வந்து சேர்ந்ததும் வகுப்பு ஆட்களை முன்வாசல் வழியாக விடவில்லை. மேனேஜர்தான் சொல்லியனுப்பியிருந்தார். பின்பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே சமையலறைக் கதவருகில், குப்பை டிரம்களுக்கும் காலிப் பாட்டில் பெட்டிகளுக்கும் நடுவே நின்றார்கள். உட்கார ஒன்றுமில்லை. வேலையாகக் கதவைத் திறந்துகொண்டு வந்த ஓட்டல் ஆட்கள், “கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்க” என்று தள்ளிக்கொண்டே இருந்தார்கள். மேலே அரங்கில் மேனேஜர்கள் ‘மாணவரே நம் மையம்’ என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஓடிவந்து பார்த்தாள். மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

“கூப்பிடும்போது வந்தா போதும்மா. நம்ம ஆளுங்க லாபியில உட்கார்ந்தா பார்க்க நல்லாவா இருக்கும்?” என்றார்.

அதையும் விழுங்கினாள். தொண்டையில் இனி இடமில்லை.

முறை வந்தது. வகுப்பு ஆட்கள் மேடையேறினார்கள். ஏறியதும்தான் வினை. நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கிய அம்மாள், “ஐயோ, வரிசையாவா? இப்பல்லாம் யாரும் அப்படி உட்கார வைக்கிறதில்லையே” என்று தானே இறங்கி வந்து நாற்காலிகளை அரைவட்டமாக இழுத்துப் போட்டாள். இழுபறியில் யார் எங்கே என்று தெரியாமல் கிடைத்ததில் கிடைத்தவர் உட்கார்ந்தார்கள். முதல் நாற்காலியில் லாரிக்காரருக்குப் பதிலாக அண்ணி. அண்ணியின் கடைசி நாற்காலியில் லாரிக்காரர்.

அவள் கேள்வி அட்டையைப் பார்த்தாள். முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள்: “உங்கள் வேலையில் மிகவும் கஷ்டமானது எது?”

அண்ணி பளிச்சென்று எழுந்தாள். கற்றதைக் கணீரென்று சொன்னாள். “எங்கள் நிலையத்தின் மேனேஜர்.”

அரங்கம் ஒரு கணம் விழித்தது. பிறகு சிரித்தது. அடுத்த கேள்வியில் சரியாகிவிடும் என்று அவள் வேகம் பிடித்தாள். நடுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து, ஆளுக்கொரு பதிலைத் தூக்கிப் போட்டார்கள். மருந்துக்கடைப் பெண்ணிடம் பிடித்த உணவு என்ன என்று கேட்டால், காலையும் இரவும் பேருந்து என்றாள். கடைசிக் கேள்வி: “உங்கள் வாழ்க்கையை மாற்றியவர் யார்?”

“முதுகுவலி” என்றார் லாரிக்காரர்.

அரங்கம் குலுங்கியது. நீலப் பட்டைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். போன்கள் உயர்ந்தன. லாரிக்காரர் தானும் சேர்ந்து சிரிப்பதா என்று தெரியாமல் பாதி உதட்டைத் திறந்து வைத்திருந்தார். அந்தப் பாதி உதட்டை அவளுக்குத் தெரியும். கல்லூரியில் அது அவள் முகத்தில்தான் இருந்தது.

முன்வரிசையில் மேனேஜரும் சிரித்தார். பக்கத்துச் சிவப்புப் பட்டையிடம் திரும்பி, கேட்கிற மாதிரியே சொன்னார்: “படிக்காத ஆளுங்க சார். மேடையைப் பார்த்தா அப்படித்தான்.”

அவள் அட்டைகளைத் தரையில் போட்டாள். மைக்கை நகர்த்திவிட்டு மேடை மூலைக்குப் போய் நின்றாள். வகுப்பில் நிற்கிற அதே மாதிரி.

“இன்னிக்கு யார்கிட்ட தோத்தீங்க?” என்றாள்.

வகுப்பு நிமிர்ந்தது. இந்தக் கேள்விக்கு யாருக்கும் ஒத்திகை தேவைப்படவில்லை. அண்ணி கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அப்படியே இறக்கி முன்வரிசையைக் காட்டினாள்.

“அவர்கிட்ட” என்றாள். பிறகு ஆங்கிலத்துக்குத் தாவினாள். ஒத்திகையில் நீங்கள் எங்களை விருந்தாளி என்றீர்கள். விருந்தாளி ஏன் சமையலறைக் கதவில் நிற்கிறான்? ஏன் எங்களுக்கு நாற்காலி இல்லை? சொற்கள் முன்னும் பின்னும் விழுந்தன. கேள்வி மட்டும் நேராகப் போய் அவர் மேல் விழுந்தது.

“சத்தமா” என்றாள் அவள்.

அண்ணி சத்தமாகச் சொன்னாள். லாரிக்காரர் எழுந்து, “குப்பை டிரம்மையும் சொல்லு” என்று எடுத்துக் கொடுத்தார். அண்ணி அதையும் சேர்த்தாள்.

யாரோ மேனேஜர் கையில் மைக்கைத் திணித்தார்கள். அவர் நாற்காலியில் இருந்தபடியே, “சாரி, ஒரு சின்ன ஏற்பாட்டுக் குழப்பம்...” என்று ஆரம்பித்தார்.

“நோ சாரி!” என்று வகுப்பு மொத்தமாகக் கத்தியது. பழக்க தோஷம். “ஸ்டேண்டப்! முதல்லேர்ந்து!”

அவர் எழுந்தார். அவருக்கே தெரியாமல் எழுந்துவிட்டார். அரங்கம் மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை லாரிக்காரரின் வாய் முழுசாகத் திறந்திருந்தது.

போச்சு, ஆர்டர் போச்சு என்று அவள் நினைத்தாள். ஆனால் அந்த மனிதர் சும்மா மேனேஜர் ஆகவில்லை. எழுந்தவர் அப்படியே மேடையை நோக்கி நடந்தார், ஏறினார், அண்ணியின் தோள் அருகே நின்று இரண்டு கைகளையும் விரித்தார். “நண்பர்களே, இதுதான் எங்கள் நிலையத்தின் புது முறை! முதலில் தப்பும் தவறுமாகப் பேச வைத்தோம். பிறகு கோபப்பட வைத்தோம். எதிராளியாக நடித்தது நான்!”

அரங்கமே எழுந்து கை தட்டியது. தலைமை தாங்கிய அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாம்பு சட்டை உரிக்கக்கூட நேரம் எடுக்கும். இந்த ஆளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் வகுப்பை மாடிக்கே அழைத்துப் போனாள். வாசலில் நின்றவன் பட்டை எங்கே என்றான். “இப்பத்தான் எழுந்து நின்னு கை தட்டினீங்க. அதுக்குள்ள முகம் மறந்துபோச்சா?” என்றாள் அண்ணி. அவன் நகர்ந்தான். வெள்ளைத் துணி விரித்த வட்ட மேஜையில் உட்கார்ந்து தட்டு நிறைய வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பாதிச் சாப்பாட்டில் மேனேஜர் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு நீளக் கவரை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“திறந்து பாரு.”

திறந்தாள். நிரந்தர வேலைக்கான ஆர்டர். அவள் பெயர், அப்பா பெயர், கீழே கையெழுத்து. அந்தக் காகிதத்தை வீட்டுச் சுவரில் டிகிரிக்குப் பக்கத்தில் மாட்டினால் எப்படி இருக்கும் என்று கண் பார்த்துவிட்டது. இனிமேல் யார் அறை வாசலிலும் நிற்க வேண்டாம்.

“அடுத்த மாசம் இதைவிடப் பெரிய மாநாடு. நம்மளைத்தான் முதல்ல கூப்பிட்டிருக்காங்க” என்றார். “அதே ஆளுங்க, அதே கேள்வி, அதே கோபம். ஒரு சொல் மாறக்கூடாது. அந்த ‘நோ சாரி’ இருக்கு பாரு, அது பிரமாதம். அதுக்கு நான் இன்னும் கொஞ்சம் திணறி நடிக்கிறேன்.”

அண்ணி மெல்லுவதை நிறுத்தினாள்.

“கோபம் ஒத்திகையில வராது சார்” என்றாள் அவள். “அது வரணும்னா இவங்களைத் திரும்பவும் சமையலறைக் கதவுக்கிட்ட நிக்க வைக்கணும்.”

கிண்டலாகத்தான் சொன்னாள். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டி யோசித்தார்.

“அதெல்லாம் ஏற்பாடு பண்ணிடலாம்” என்றார்.

லாரிக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அவளுக்கு அந்தக் காகிதம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். நீ சரியென்றால் வந்து நிற்போம் என்பது போல் அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பை டிரம் பக்கத்தில் இன்னொரு தடவை, இவளுக்காக.

அவள் காகிதத்தை மடித்தாள். வந்த மடிப்பிலேயே மடித்துக் கவருக்குள் வைத்தாள். கவரை அவர் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தாள். வருஷக்கணக்காக அந்த அறை வாசலில் நின்ற வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

“சாரி சார்...”

டொக்கென்று மேஜையில் ஸ்பூன் விழுந்தது. லாரிக்காரர்தான் தட்டியிருந்தார். வாய் நிறையச் சோறு.

“டீச்சர். எந்திரிங்க” என்றார்.

“முதல்லேர்ந்து” என்றாள் மருந்துக்கடைப் பெண்.

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். கழுத்தில் தொங்கிய பட்டையில்லாத அட்டையைக் கழற்றிக் கவரின் மேல் வைத்தாள்.

“வேணாம்” என்றாள்.

“சத்தமா” என்றாள் அண்ணி.