இருபத்து மூன்று பெயர்களின் அதிபதி

மனித குல வரலாற்றில் நெருப்பு, சக்கரம், மின்சாரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகக் குறித்துவைக்க வேண்டிய நிகழ்ச்சி, ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, ஒரு தையல் கடையில் நடந்தேறியது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், இன்று முதல் தான் ஒரு டொமைன் முதலீட்டாளர் என்று தன் மனைவியிடம் அறிவித்தார். கடை மனைவியுடையது. அவள் வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியபடி ஒரு சட்டையின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். வாயில் ஊசி இருக்கும்போது அவளால் எதையும் மறுக்க முடியாது. அவருடைய வாழ்க்கையின் முக்கியமான அறிவிப்புகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியாகும்.

இணையத்தில் ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ முகவரியாக இருக்கிற பெயர்தான் டொமைன். யாரும் எடுக்காத பெயரை நாம் முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டால், அந்தப் பெயர் இல்லாமல் தூக்கம் வராத ஒரு பெரிய கம்பெனி என்றாவது தேடி வரும், கேட்ட விலையைக் கொடுக்கும். இந்த ஞானம் அவருக்குப் பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவே, நின்றுபோன லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து செல்போன் பார்த்தபோது கிடைத்தது. பாடம் எடுத்தவர் ஒரு சிவப்புக் காரில் சாய்ந்துகொண்டு எடுத்தார். அது வாடகைக் காரா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெக்கானிக் குணம் கெட்டவர் அல்ல.

பாடத்தில் உருப்படியான விஷயமும் இருந்தது. பெயர் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் நினைவில் நிற்க வேண்டும். அதை விலைக்கு வாங்கக்கூடிய வியாபாரி ஒருவராவது உலகத்தில் இருக்க வேண்டும். மூன்றையும் நோட்டில் எழுதி அடியில் சிவப்புக் கோடு போட்டார். கோடு போட்டதோடு அவற்றின் வேலை முடிந்தது. சின்னப் பெயர்களை எல்லாம் அவருக்கு இருபது வருடம் முன்பே யார் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவை பெரிய பெயர்கள். பெரிய பெயர் என்றால் பெரிய விலை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

டை கட்டியவர்கள் லிஃப்டில் பேசிக்கொண்டு போகும்போது உதிர்க்கிற சொற்களைப் பொறுக்கி, ஒன்றோடு ஒன்றைக் கோத்தார். குளோபல் வந்தது, குவான்டம் வந்தது, எம்பயர் வந்தது. ‘குளோபல்குவான்டம்வெல்த்எம்பயர்’ அவர் பெற்ற முதல் பிள்ளை. இருபத்து மூன்றாவது, கடைக்குட்டி, ‘பெஸ்ட்செவ்வாய்கிரகரியல்எஸ்டேட்’. செவ்வாய்க் கிரகத்தில் மனை போட்டு விற்கப்போகிற கம்பெனிக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை என்பது அவர் கணிப்பு. பெயரை வாங்குவது என்பது உண்மையில் ஒரு வருட வாடகைக்கு எடுப்பதுதான், அடுத்த வருடமும் கட்ட வேண்டும் என்பது பதினேழாவது பெயர் எடுத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் முதலாளித்தனம் தலைக்கு ஏறியிருந்தது.

இதற்கெல்லாம் போட்ட முதல், மனைவியுடையது. துணியின் வெட்டிய ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்க இரண்டு வருடமாக அவள் சேர்த்திருந்த பணம். கடையில் இருந்த பழைய ஓவர்லாக், துணியைத் தைப்பதைவிட மெல்லுவதே அதிகம். ஒரு ஆஸ்பத்திரி தன் ஊழியர்களுக்கு நூற்றிருபது சீருடை கேட்டிருந்தது. திங்கட்கிழமை ஒரு மாதிரிச் சீருடையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஓரம் ஒழுங்காக இல்லை என்றால் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விடும். “மூணே வாரம், ரெண்டு மடங்கா திருப்பித் தர்றேன்” என்று சொல்லித்தான் அவர் வாங்கிக்கொண்டார். அப்போதும் அவள் வாயில் ஊசி இருந்தது.

அந்த மூன்று வாரம் திங்கட்கிழமையோடு முடிகிறது.

பக்கத்துக் கடையில் போர்டு எழுதுகிறவர் இருந்தார். மனைவியைத் தங்கச்சி என்பார். அந்த உரிமையில் மெக்கானிக்கை மாப்ள ஆக்கிக்கொண்டவர். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் என்பதால் பெயர்களைப் பற்றி அவருக்குத் தெளிவான கருத்து உண்டு. ஒரு நாள் மெக்கானிக் பெருமையோடு பட்டியலை நீட்டியபோது, அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

“மாப்ள, நான் முப்பது வருஷமா போர்டு எழுதுறேன். பத்து எழுத்தைத் தாண்டினா கடைக்காரன் நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிடுவான். இதெல்லாம் எழுத சுவரே பத்தாது.”

இது சுவர் சம்பந்தப்பட்ட தொழில் இல்லை, டிஜிட்டல் என்று மெக்கானிக் விளக்கினார். போர்டுக்காரர் அப்படியா என்று கேட்டுக்கொண்டு பிரஷைக் கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் செவ்வாய்க் கிரகப் பெயர் தொடர்பாகப் பெரிய அளவில் பேச விரும்புகிறோம், நேரில் சந்திக்கலாமா என்று இருந்தது. மெக்கானிக் அதை ஆறு தடவை படித்தார். ஏழாவது தடவை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அவள் அன்றைக்கு ஊசி எதையும் கவ்வியிருக்கவில்லை. இருந்தாலும் மறுக்கவில்லை. மெஷின் விற்கிற கடைக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை வரை ஒன்றை எடுத்துவைக்கும்படி மட்டும் சொன்னாள். நம்பாமல் இருக்க அவளுக்கும் வசதி இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடையில் சந்திப்பு. மெக்கானிக் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். பொத்தான் போடுவதில்லை என்று அவரும் கோட்டும் பேசிவைத்திருந்தார்கள்.

வந்தவர் ஒல்லியாக, கையில் தோல் பையோடு இருந்தார். புத்தம் புதுப் பேன்ட், நாலு விரற்கடை நீளம் அதிகம். ஒவ்வொரு அடியிலும் அதன் மேல் தானே ஏறி மிதித்துக்கொண்டு நடந்தார். கிரகம் விட்டுக் கிரகம் போகிற கம்பெனிக்காரர் பேன்ட்டைப் பற்றியா கவலைப்படுவார் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

உட்கார்ந்தார்கள். நலம் விசாரித்தார்கள். செவ்வாயின் எதிர்காலம் பிரகாசமாக இருக்கிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிறகு வந்தவர், “சார், நீங்க ஒரு தொகை மனசுல வெச்சிருப்பீங்களே” என்றார்.

“நீங்கதான் சொல்லணும்” என்றார் மெக்கானிக்.

“நீங்க சொல்றதுதான் முறை.”

“வந்தவங்க நீங்க.”

முதலில் விலை சொல்கிறவன் தோற்றான் என்பது சிவப்புக் காரின் நாலாம் பாடம். மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டார். வந்தவரும் கட்டிக்கொண்டார். சுவர்க் கடிகாரம் மட்டும் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது. போர்டுக்காரர் தேநீர் டம்ளரோடு வந்து கதவருகே நின்று, டென்னிஸ் பார்ப்பதுபோல இவரையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஓடியது. மெஷின் கடைக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணே. இங்க வாங்கப்போறது யாரு?”

வந்தவர் மெக்கானிக்கைக் காட்டினார். மெக்கானிக் வந்தவரைக் காட்டினார்.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. வந்தவரிடமும் ஒரு பெயர் இருந்தது. அதே செவ்வாய், அதே ரியல் எஸ்டேட், முன்னால் ‘பெஸ்ட்’ இல்லை, அவ்வளவுதான். இவ்வளவு நீளமான பெயரைக் காசு கொடுத்து ஒருவர் எடுத்திருக்கிறார் என்றால் அவர் நிச்சயம் செவ்வாயில் மனை விற்கும் பெரிய கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும், கொஞ்சம் குட்டையான தன் பெயரை அள்ளிக்கொள்வார் என்று கணக்குப் போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவரும் சிவப்புக் காரின் மாணவர்தான். இவரைவிட ஒரு வகுப்பு சீனியர்.

“எங்கிட்ட மொத்தம் நாப்பத்தி ஒண்ணு இருக்கு சார்” என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

போர்டுக்காரர் தேநீரை முடித்தார். “எல்லாத்தையும் சேத்து எழுதினா வர்ற கூலியில எம் பொண்ணு கல்யாணமே முடிஞ்சிரும்” என்றார்.

மனைவி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. மெஷின் கடைக்குப் போன் செய்து, வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். பிறகு பழைய மெஷினின் மேல் துணியைப் போர்த்தினாள். சண்டை போட்டிருந்தால் மெக்கானிக் சமாளித்திருப்பார். அதற்கு அவரிடம் இருபது வருடப் பயிற்சி உண்டு. துணி போர்த்தியதை அவரால் பார்க்க முடியவில்லை. கோட்டைக் கழற்றினார். போர்த்திய துணியை எடுத்தார். அவருடைய வேலைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வந்தது.

பதினாலு மாடி லிஃப்டைப் பிரித்து மாட்டுகிற மனிதர், கை எட்டும் தூரத்தில் மூன்று வருடமாகத் துணி மென்றுகொண்டிருந்த மெஷினை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. மனைவி பலமுறை சொல்லியிருந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே உலகத்தை வாங்கும் வேலையில் இருந்ததால் அவர் காதில் விழவில்லை. உள்ளே சின்னக் கத்தி மழுங்கியிருந்தது. நூலை வாங்கிக் கோக்கிற கொக்கி ஒரு மயிரிழை வளைந்திருந்தது. கத்தியைத் தீட்டினார், கொக்கியை நிமிர்த்தினார், எண்ணெய் விட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் முதலீட்டாளராக இல்லை.

“ஓட்டிப் பாரும்மா” என்றார்.

ஓட்டிப் பார்க்கத் துணி வேண்டும். மனைவியின் கண் வந்தவரின் பேன்ட் மேல் போயிற்று. இரண்டு நிமிடத்தில் அவர், அளவு பார்க்கும் திரைக்குப் பின்னால் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றார். அங்கிருந்தும் அவர் வியாபாரத்தை விடவில்லை. இரண்டு செவ்வாயையும் சேர்த்து ஒரே செட்டாகப் போடலாமே சார் என்று திரையைத் தாண்டிக் குரல் வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதிகப்படி நீளம் உதிர்ந்து விழுந்தது. ஓரம் பிசிறில்லாமல் சுற்றி வந்தது. மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாளைக்கு மாதிரியைக் கொண்டுபோகலாம் என்று கணவனிடம் சொல்லாமல் போர்டுக்காரரிடம் சொன்னாள்.

வந்தவர் பேன்ட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு அடி தடுக்காமல் நடந்து பார்த்து, கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார். டொமைன் தொழிலில் அந்தக் குடும்பத்துக்கு வந்த மொத்த வருமானம் அதுதான்.