துருவத்துக்குப் போனவர்களும் பந்தக்காலும்

1979 மே 27, ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு, சங்ககிரியில் சௌந்திரத்தின் கல்யாணப் பந்தலுக்குள் பாடிக்கொண்டிருந்த வானொலிப் பெட்டியை அவளுடைய தாய்மாமன் செங்கோட்டையன் அணைத்தார். தென்துருவத்துக்கு நடந்து சென்று, திரும்ப இயலாமல் பனியில் மடிந்த ஐவரைப் பற்றிய பழைய நாடகத்தின் கடைசிப் பகுதி அப்போதுதான் தொடங்கியிருந்தது. முதல் பகுதியைச் சென்ற வாரம் கேட்டதிலிருந்து சௌந்திரம் இதற்காகவே காத்திருந்தாள்.

"பந்தக்கால் நட்ட ஊட்டுல சாவுச் சத்தம் கேக்கக்கூடாது சாமி."

"செத்தவங்க நமக்குப் பங்காளிங்களா மாமா, தீட்டு வந்து ஒட்டறதுக்கு?"

பந்தலில் சிரிப்பு எழுந்தது. மாமன் சிரிக்கவில்லை.

"அழுவாச்சி நாடகத்து மேல உனக்கென்ன அத்தனை ஆசை?"

"அதுல ஒருத்தருமே அழுவறதில்லீங்க. காத்து மட்டுந்தான் ஊளையிடுது. சாகப்போறோம்னு தெரிஞ்சும் கூடாரத்தை ஒழுங்கா இழுத்துக் கட்டறாங்க. அதை முழுசாக் கேக்காம நான் மணையில உக்கார மாட்டேனுங்க."

"அப்ப வெளிய போய்க் கேளு."

நலங்கு வைத்த பெண் பந்தலைத் தாண்டலாகாது என்பதும் அவர் காலையில் விதித்ததே. சௌந்திரம் அதை நினைவூட்டிவிட்டு, முகூர்த்தப் புடவையை அவர் கையிலேயே கொடுத்தாள்.

இறுதியில் முடிவானது இது: பெட்டி பந்தலுக்கு வெளியே நின்ற லாரியின் மேல் வைக்கப்படும், மணப்பெண் பந்தலின் ஓரத்தில், உள்ளேயே அமர்வாள், ஒலி முழு அளவில் இருக்கும், நாடகம் முடிந்த பிறகே கல்யாணச் சீர்ச் சடங்குகள் தொடங்கும்.