குட்டி சூப்பர்வைசர்

"ஒரு மணி நேரம் தையல் லைனை நிறுத்தோணுமுங்க சார்."

பனியன் கம்பெனியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று சேர்ந்த அன்றே சுபஸ்ரீயிடம் சொல்லியிருந்தார்கள். முதலாளி மகுடேஸ்வரன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஷிப்மெண்டுக்கு நாலு நாள்தான் இருக்கிறது என்றார்.

அவள் செய்த ரோபோவுக்காகத்தான் கேட்டாள். வெட்டிய துணிக்கட்டுகளைத் தையல் மிஷின்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி அது. மனிதரைப் போலப் பழக வேண்டும் என்று அதற்கொரு முகம் வைத்தவளும் அவள்தான். துணிக்கட்டை இறக்கிவிட்டு எதிரில் நிற்கும், தைப்பவரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். காலேஜில் அதற்குக் கைதட்டாத ஆள் இல்லை.

லைனில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அது வந்து நின்றாலே குனிந்த தலை நிமிராமல் மிஷினை விரட்டினார்கள். தையல் விட்டுப்போன பீஸ்கள் செக்கிங் மேசையில் குவிந்தன. பாத்ரூமுக்கு எழுந்தவள்கூட அதைக் கண்டதும் உட்கார்ந்துகொண்டாள். இன்று காலை டீ நேரத்தில் ஓவர்லாக் தைக்கும் அன்புசெல்விதான் போட்டு உடைத்தாள்.

"இங்க எதுக்க நின்னு மூஞ்சியப் பாக்கறது சூப்பர்வைசர் ஒருத்தருதான் கண்ணு. நீ அவரோட குட்டியக் கொண்டாந்து உட்டுருக்கற. அவராச்சும் சிரிக்க மாட்டாரு."

பதினெட்டு வருஷம் இப்படியொரு மிஷினில் உட்கார்ந்து தன்னைப் படிக்கவைத்த அம்மாவின் மகளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று சுபஸ்ரீக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. கட்டுக் கொண்டுவரும் பெண்களைக் கவனித்தாள். கட்டை இடப்பக்கம் வைத்து, மேசையில் ஒரு தட்டுத் தட்டி, அடுத்த மிஷினைப் பார்த்தபடி நகர்ந்துவிடுகிறார்கள். இங்கே பழகுவது என்றால் அதுதான். வண்டிக்கு அதைப் பழக்க லைன் மொத்தமும் தைப்பதை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் அதனோடு உட்கார வேண்டும்.

அவள் இதையெல்லாம் சொன்னதும் மகுடேஸ்வரன் நிமிர்ந்தார். "எதுக்கு அம்மிணி மாத்தறே? அது நின்னாத்தான் வேகமா ஓட்டறாங்க. நல்லாப் பாக்கட்டும். இன்னும் ரெண்டு செஞ்சு குடு."

"மொறச்சுப் பாக்க உங்ககிட்ட ஏற்கெனவே ஆள் இருக்குதுங்க. அதுக்கு நான் நாலு வருஷம் படிக்கோணுமா?"

லைன் நின்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார், குரலை உயர்த்தாமலே.

டீ முடிந்ததுமே கழற்றிப் பையில் போட்டிருந்த அந்தச் சிரித்த முகத்தை எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க."

கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள். அன்புசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். சுபஸ்ரீ மெயின் சுவிட்சைப் பார்த்து நடந்தாள்.