கறி மாதிரி

தனக்கோடிக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. மற்ற நாளெல்லாம் விருத்தாசலத்துச் செராமிக் கம்பெனி ஒன்றில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் வேலை. அந்த ஒரு நாளும் வீட்டில் கறி எடுக்காமல் இருந்ததில்லை. மகன் அன்புச்செல்வன் திட்டக்குடிப் பெண் பூங்கோதையை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் சிக்கல். பூங்கோதை பிறந்ததிலிருந்தே சைவம்.

முதல் ஞாயிறு எல்லோரும் கறிச்சோறு சாப்பிட, மருமகள் மட்டும் ரசத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது தனக்கோடிக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரம் மீல்மேக்கர் வாங்கி வந்தாள். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கறிக்கு அரைக்கிற மசாலாவையே அரைத்து, புதுச் சட்டியில் குழம்பு வைத்தாள். பட்டை, சோம்பு, கசகசா எதிலும் குறை வைக்கவில்லை. வாசனை தெருமுனை வரை போனது.

பூங்கோதை இரண்டு துண்டு தின்றுவிட்டு மீதியைத் தட்டோரம் ஒதுக்கினாள். அதற்கடுத்த வாரமும் அதே கதைதான்.

தனக்கோடிக்குச் சுருக்கென்றது. கறி தின்கிறவர்கள் கையால் ஆக்கியது அவளுக்கு அருவருப்போ என்று நினைத்தாள். மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பூங்கோதை டீ கொண்டுவந்து நீட்டியபோது கேட்டேவிட்டாள்.

"ஏம்மா, நான் ஆக்குனது உனக்கு ஆவாதா? சட்டிகூட புதுசுதான் வாங்குனேன்."

பூங்கோதை பதறிப்போனாள். "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க அத்தை! மெல்லும்போது கறி இப்படித்தான் இருக்கும்போலன்னு தோணுது. உடனே குமட்டுது. நீங்க ஆசையா செஞ்சீங்களா, சொல்ல வாய் வரல."

"அடிப்பாவி! கறி மாதிரி இருக்கணும்னுதானடி அந்தப் பாடு பட்டேன்!"

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவர் சுப்புராயன் குரல் கொடுத்தார். "அது கறி மாதிரியா இருக்குது? நான் ஒண்ணு எடுத்துத் தின்னு பாத்தேன். பஞ்சைத் தின்ன மாதிரி இருந்துச்சு."

தனக்கோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூங்கோதையும் சிரித்தாள்.

"பின்ன என்னதான் ஆக்கிப்போட உனக்கு?"

"அதே மசாலால கத்திரிக்கா போடுங்க அத்தை, போதும். குழம்பை நான் மிச்சம் வெச்சனா பாருங்க."

யோசித்துப் பார்த்தாள் தனக்கோடி. ஆமாம், தட்டில் துண்டுகள்தான் கிடந்தன. குழம்பை வழித்துத்தான் தின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காய்க் குழம்பு கொதித்தது. பூங்கோதை இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினாள். சுப்புராயன் தன் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்குத்தான் கறி இருக்குதுல்ல" என்றாள் தனக்கோடி. ஆனாலும் ஒரு கரண்டி ஊற்றினாள்.