உவனை இருக்கச் சொல்லு

பாரை மீன் இருக்கெல்லோ, அது காத்து மாறுறதுக்குக் கொஞ்சம் முன்னாலை விசர் பிடிச்ச மாதிரிக் கடிக்கும். இதை எனக்குச் சொன்னவன் ஜெபசீலன். பருத்தித்துறைப் பக்கம் அவன்ரை வீடு, அவையின்ரை மதிலுக்கும் கடலுக்கும் இடையிலை ஒரு றோட்டுத்தான். நான் உரும்பிராய். எங்கடை வீட்டிலை வெங்காயத்தையும் மரவள்ளியையும் விட்டா வேறை கதையில்லை, மீனெண்டா சந்தையிலை வாங்கிற சாமான். எனக்குத்தான் எங்கையிருந்தோ இந்தப் பைத்தியம் வந்தது. றொட், றீல், ரப்பர் மீன் எல்லாம் வாங்கி வைச்சுக்கொண்டு சனிக்கிழமை எப்ப வரும் எண்டு துடிச்சுக்கொண்டிருப்பன்.

அண்டைக்கு றேடியோவிலை தாழமுக்கம் எண்டு சொல்லிப்போட்டாங்கள். பின்னேரம் கடலுக்குப் போகவேண்டாமாம்.

"மத்தியானத்துக்கு முதல் வந்திடுவம்" எண்டான் சீலன். "ஆனா லைப் ஜக்கற் போடாட்டி நீ ஏறேலாது. றொட்டைத் தந்திட்டு வீட்டை போ."

அதைப் போட்டா ஆட்டுக்குட்டிக்கு மெத்தை கட்டின மாதிரி இருக்கும். போட்டன். என்ரை போனை ரெண்டு ஷொப்பிங் பையுக்குள்ளை சுத்தி என்ரை கழுத்திலை கட்டிவிட்டதும் அவன்தான்.

"ஏன் மச்சான், நான் விழுந்தா மீன் கோல் எடுக்குமோ?"

"மீன் எடுக்காது. உன்ரை கொம்மா எனக்கு எடுப்பா."

சின்ன பைபர் போட். நாங்கள் ரெண்டு பேர்தான்.

பாரை கடிச்சுது எண்டா அப்பிடிக் கடிச்சுது! ரெண்டு பாரை, ஒரு சீலா. அடுத்தது இழுக்கேக்கை நான் வானத்தைப் பாக்கேல்லை, சீலன் பாத்தான். வடக்கிலை கடலும் முகிலும் ஒண்டாப் போச்சுது, நடுவிலை கோடே இல்லை.

"நூலை வெட்டு."

"கொஞ்சம் பொறடா, இது பெரிசு."

அவன் எழும்பி வந்து தானே வெட்டினான்.

திரும்பேக்கை அலை எங்களுக்குப் பின்னாலை. அதுதான் கூடாததாம். பின்னாலை இருந்து தூக்கேக்கை முன்பக்கம் பாரமா இருந்தா போட் மூக்காலை குத்திக் கவுண்டிடும். "முன்னுக்கு இருக்காதை, என்ரை காலடியிலை வந்து தரையோடை இரு. எழும்பினியோ நானே தள்ளிவிடுவன்" எண்டு என்னைப் பின்னுக்கு இழுத்தான். நான் வெட்டின பிளாஸ்ரிக் கானாலை தண்ணி இறைச்சுக்கொண்டு குந்தியிருந்தன்.

எண்டாலும் முன்பக்கம் எழும்பேல்லை.

நான் கடல் தெரியாதவன், எனக்கே விளங்கிச்சு. போகேக்கை நான் முன்னுக்கு இருந்தே அந்தப் போட் மூக்கை நிமித்திக்கொண்டு ஓடினது. இப்ப ஒருத்தரும் இல்லை, மூக்கு தாழ்ந்துபோய்க் கிடக்குது. சீலன் முன்னுக்குப் பாக்கிறான், என்னைப் பாக்கிறான், திரும்ப முன்னுக்குப் பாக்கிறான்.

இனி வழிக் கதை. கரைக்கு முன்னாலை தண்ணிக்குள்ளை முருகைக்கல்லுப் பாறை ஒரு மதில் மாதிரி நீட்டுக்குக் கிடக்கு. போட் நுழைய ஒரேயொரு இடைவெளிதான். சேர்ச் கோபுரமும் போன் ரவரும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு வந்து நிண்டா நேரை உள்ளை வரலாம். ஆனா மழை முதல் கரையிலைதான் விழுந்தது. கோபுரமும் இல்லை, ரவரும் இல்லை. சாம்பல் சீலை ஒண்டு தொங்குது, அவ்வளவுதான். கல்லிலை அலை உடையிற சத்தம் மட்டும் வருது.

அப்பத்தான் என்ரை கழுத்திலை போன் அடிச்சது. சீலன்ரை அக்கா, ரஞ்சினி அக்கா. கடலுக்குள்ளை நீட்டிக்கொண்டிருக்கிற ஜெட்டி நுனியிலை வந்து நிக்கிறாவாம். எங்கடை பக்கம் இன்னும் மழை பிடிக்காமல் வெளிச்சம் கிடந்ததாலை எங்களுக்குக் கரை தெரியாட்டியும் அவவுக்கு நாங்கள் தெரியிறம். பையோடையே அமத்தி ஸ்பீக்கரிலை போட்டன்.

"டேய் சீலன், தெரியுது தெரியுது! கொஞ்சம் மேற்கை எடு. முதல் உவனை இருக்கச் சொல்லு!"

"அக்கா, நான் இருந்துகொண்டுதான் இருக்கிறன்" எண்டன்.

"உன்னையில்லை தம்பி. உவனை. அணியத்திலை நிக்கிறான், முன்னுக்கு. விழப்போறான், பிடிச்சு இருத்தடா!"

என்னையெண்டா 'நீ இரு' எண்டெல்லோ சொல்லோணும். உவன் எண்டா எங்களுக்குக் கிட்ட நிக்கிற வேறை ஆரோ. நான் முன்னுக்குப் பாத்தன். நங்கூரம், ஈரக் கயிறு, மீன் பெட்டி. அங்காலை கடல்.

"சொல்லுறன் அக்கா, நீ வழியைச் சொல்லு" எண்டான் சீலன்.

நான் போனைக் கையாலை பொத்தினன். "ஏனடா பொய் சொல்லுறாய்?"

"ஆளில்லை எண்டா அவ குழறத் தொடங்கீடுவா. பேந்து வழி ஆர் சொல்லுறது, உன்ரை பாரையோ?"

அவன் சிரிக்கேல்லை. நானும்தான்.

"சீலன்," அக்கா திரும்பக் கதைச்சா, "உவன் கை காட்டுறான். கிழக்கை காட்டுறான். உவனுக்கு உந்த இடம் பழக்கமோ?"

"நீ மேற்கு எண்டு இடைவெளியைக் கண்டு சொன்னனியோ, நினைச்சுச் சொன்னனியோ?"

"நினைச்சதடா. நுரையிலை எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"உவன் இப்பவும் கிழக்கையோ காட்டுறான்?"

"ஓம். கையை இறக்கிறானே இல்லை."

சீலன் கிழக்கை திருப்பினான். ஒரு அலை தூக்கிச்சு, நான் கண்ணை மூடிப்போட்டன். திறக்கேக்கை வலப்பக்கத்திலை, எட்டித் தொடுற தூரத்திலை, கறுப்புக் கல்லு தண்ணியைக் கக்கிக்கொண்டு எழும்புது. மேற்கை போயிருந்தா நேரை அதுக்கு மேலைதான். அப்பிடியே உள்ளை வந்திட்டம். வந்த உடனை முன்பக்கம் டக்கெண்டு எழும்பிச்சு பாருங்கோ, ஒரு மூட்டையை இறக்கினமாதிரி.

நான் "ஊ" எண்டு கத்தினன். மழைக்குள்ளாலை ஜெட்டி தெரிஞ்சுது. நுனியிலை ரஞ்சினி அக்கா, குடையோடை, தனிய.

உடனை இஞ்சின் ரெண்டுதரம் இருமி நிண்டிட்டுது. சீலன் இழுக்கிறான், இழுக்கிறான், பிடிக்கேல்லை. நீரோட்டம் எங்களை ஜெட்டிக்குப் பக்கத்திலை குவிச்சுக் கிடக்கிற பாறாங்கல்லுப் பக்கம் கொண்டுபோகுது. கயிறு எறிஞ்சா எட்டும், ஆனா ஆராவது பிடிக்கோணும்.

"அக்கா, குடையைக் கீழை போடு! கயிறு வருது!"

போனிலை அக்கான்ரை குரல் மாறிப்போய் வந்தது. மெதுவா.

"சீலன், இவன் எப்பிடியடா இஞ்சை வந்தவன்? உடுப்பெல்லாம் சொட்டுது. கயிறை எறியட்டாம். தான் பிடிக்கிறானாம்."

உவன் இல்லை. இவன். அக்காவுக்குப் பக்கத்திலை.

அவ்வளவு நேரமும் கல்லு மாதிரி இருந்த சீலன் எழும்பி நிண்டு கத்தினான். "ஓடு அக்கா! ஜெட்டியை விட்டு ஓடு! திரும்பிப் பாக்காதை!"

அக்கா ஓடினா. குடை போகுது, போகுது, பாதி ஜெட்டி தாண்டீட்டுது. நுனியிலை ஒருத்தருமில்லை. பாறாங்கல்லு அந்தா. நான் ஒண்டும் யோசிக்கேல்லை, கயிறைச் சுருட்டி எறிஞ்சுபோட்டன்.

கயிறு ஜெட்டியிலை விழேல்லை. நெஞ்சளவு உயரத்திலை நிண்டுது. பேந்து இறுகிச்சு.

போட் திரும்பிச்சு. ஒரு இழுவை, ஒரு நிப்பு, திரும்ப ஒரு இழுவை. கைமாத்திக் கைமாத்தி இழுக்கிற மாதிரி.

சீலன் மீன் வெட்டுற கத்தியைக் கயிறிலை வைச்சிட்டான். நான் அவன்ரை கையைப் பிடிச்சன்.

"வெட்டினா கல்லிலைதான் மச்சான். இழுக்கட்டும்."

அவன் வெட்டவுமில்லை, கத்தியை எடுக்கவுமில்லை. ரெண்டு பேரும் தரையோடை தரையாக் குந்தியிருந்தம். ஜெட்டி கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது.