மாத்தே கணக்கில் வராது

செத்துப்போன அண்ணனின் மாத்தே குடுக்கைக்கு நாற்பதாயிரம் பேசோ என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார் தார்தோ. அந்தப் பணத்துக்கு அதே தெருவில் குளிர்சாதனப் பெட்டியே வாங்கலாம். குடுக்கையோ, மாத்தே இலை போட்டு வெந்நீர் ஊற்றி உறிஞ்சிக் குடிக்கிற உள்ளங்கை அளவுச் சுரைக்காய் ஓடு, வாயில் ஒரு வெள்ளிப் பூண், அவ்வளவுதான். யாரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த விலை. மீறி எவனாவது பணப்பையைத் தொட்டால், "அது போன வாரத்து விலைங்க" என்று ஐம்பதாயிரம் சொல்வார். விற்காத பொருளைச் சந்தையில் ஏன் பரப்ப வேண்டும் என்று அவர் மனைவி நீபியா ஒருமுறை கேட்டாள். வீட்டில் இருந்தால் அது அண்ணன் உலிசெஸ், இங்கே பழைய பூட்டுக்கும் கதவுப் பிடிக்கும் நடுவே கிடந்தால் அதுவும் ஒரு சாமான் என்றார்.

மொந்தெவிதேயோவின் ஞாயிற்றுச் சந்தையில் அன்று ஒரு பிரேசில்காரன் குடுக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பதினஞ்சாயிரம் தரேன்."

தார்தோ மரப்பெட்டியில் உட்கார்ந்து, இடது அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"எடுத்துட்டுப் போ," என்றார்.

நீபியா பிரேசில்காரன் கையிலிருந்து குடுக்கையைப் பிடுங்கினாள். "இது விக்கிறதுக்கில்ல. இவருக்கு உடம்பு சரியில்ல, என்ன பேசறோம்னே தெரியாமப் பேசறாரு." பக்கத்துக் கடை புத்தகக்காரனிடம் சரக்கை ஒப்படைத்துவிட்டு, கணவரை டாக்சியில் ஏற்றினாள். விலை ஏற்றாத தார்தோவை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

அவசரப் பிரிவு டாக்டர் லெத்திசியாவுக்குச் சின்ன வயது, ஆனால் கண்ணுக்குக் கீழே ஒரு வாரத் தூக்கம் பாக்கியிருந்தது.

"எப்பலேந்து வலி?"

"இன்னைக்குத்தான் டாக்டரம்மா. லேசா."

"புதன்கிழமையிலேந்து," என்றாள் நீபியா. "லேசா இல்ல. இவர் எது சொன்னாலும் மூணால பெருக்கிக்கோங்க."

"காய்ச்சல் இருந்துச்சா?"

"சேச்சே."

டாக்டர் வெப்பமானியைப் பார்த்தாள். பிறகு நீபியாவைப் பார்த்தாள். பெருக்கிக்கொண்டாள்.

வயிற்றின் வலது பக்கம் அழுத்தியபோது தார்தோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் கீழே அழுத்தி விட்டதும், கால்பந்து நடுவருக்குச் சொல்லும் வார்த்தை ஒன்று வாயிலிருந்து வந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க, உங்களைச் சொல்லல," என்றார். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னாள். வெள்ளை அணு ஏறியிருந்தது. அடுத்து ஸ்கேன். நரம்பில் மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவ, கால்சட்டையை நனைத்துவிட்டோம் என்று பயந்து, வெளியே வந்தவுடன் நீபியாவிடம் ரகசியமாகப் பார்க்கச் சொன்னார். காய்ந்துதான் இருந்தது.

"பெருங்குடல் சுவர்ல சின்னச் சின்னப் பைகள் இருக்கு," என்றாள் டாக்டர். "பழைய தோல் பந்து பார்த்திருப்பீங்க. தையல் தளர்ந்த இடத்துல உள்ள இருக்கிற ரப்பர் பிதுங்கி வெளிய வருமே, அது மாதிரி. இந்த ஊர்ல மாட்டுக்கறியும் வெள்ளை ரொட்டியுமா சாப்பிட்டே வயசான நிறைய பேருக்கு இருக்கு. பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்கு அதுல ஒண்ணு வீங்கிச் சீழ் பிடிக்கப் பார்க்குது. கிழியல. அது நல்ல சேதி."

"தக்காளி விதை போய் அடைச்சிருக்கும்னு புத்தகக்காரன் சொன்னான்."

"புத்தகக்காரரைப் புத்தகம் விக்கச் சொல்லுங்க."

கேட்க வேண்டியதை நீபியாதான் கேட்டாள். "இவரோட அண்ணன் குடல் புத்துநோய்ல போனாரு. அவருக்கும் முதல்ல வயித்துவலின்னுதான் ஆரம்பிச்சுது. இது அது இல்லியே?"

டாக்டர் பேனாவை மூடினாள். "ஸ்கேன்ல வீக்கம்தான் தெரியுது. வீக்கத்துக்குப் பின்னாடி ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. கேமரா வச்ச குழாயை உள்ள விட்டுப் பார்க்கணும்."

"விடுங்க," என்றார் தார்தோ. "இப்பவே."

"இப்ப அந்தச் சுவர் ஈரக் காகிதம் மாதிரி இருக்கு. குழாயை விட்டா ஓட்டை விழும். எட்டு வாரம் போகட்டும்."

"ரெண்டு."

"எட்டு."

"நாலு வச்சுக்குவோம், உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம்."

"தார்தோ ஐயா, குடல்கிட்ட நான் பேரம் பேச முடியாது. ஆறு வாரத்துக்குக் கீழ இறங்கவே மாட்டேன்."

"ஆறு," என்று கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் டாக்டர் குலுக்கினாள்.

கிருமிகொல்லி மாத்திரை முடிவதற்குள் காய்ச்சல் போய்விட்டது, வலியும் போய்விட்டது. போகாதது அந்தக் கேள்விதான். அது வீட்டில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து சூப் குடித்தது. நீபியா பருப்பு அவித்தாள், தவிட்டு ரொட்டி வாங்கினாள், அவர் முகம் சுளித்ததற்கும் சேர்த்துத் தானும் தின்றாள். எத்தனை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உலிசெஸோடு உட்கார்ந்திருப்பாள்! அடுத்த மாசம் பார்த்துக்கலாம், சந்தை சீசன் முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் டாக்டர்களே தள்ளிப்போட ஒன்றுமில்லை என்று சொன்ன மனிதர் அவர். அந்தப் பெஞ்சுகளின் அலுப்பு இன்னும் அவள் இடுப்பில் இருந்தது.

பரிசோதனைக்கு முந்தைய நாள் பேதி மருந்துக் கரைசலைக் குடித்துக் குடித்து, தார்தோ கழிவறைக்கே குடிபோனார். காலையில் வெளுத்துப்போய் வெளியே வந்தார். பஸ்ஸில் நீபியா கண்ணயர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் விழித்தபோது, அவர் வழக்கம்போல அக்குளில் வெந்நீர் பிளாஸ்கை இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் அக்குளில் பிளாஸ்க் இல்லாமலிருந்தால்தான் அவள் கண்ணுக்குப் பட்டிருக்கும்.

நர்ஸ் ரோஸ்மாரி கேட்டாள்: "ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?"

"ராத்திரி நீங்க கொடுத்த அந்தக் கண்றாவிக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல."

மனசாரச் சொன்னார். சொல்லிவிட்டு, குடுக்கையில் செருகியிருந்த உலோகக் குழலை வாயில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"அது என்ன?"

"மாத்தே."

"ஒண்ணும் குடிக்கலன்னீங்க!"

"குடிக்கலயே. இது மாத்தேம்மா!"

காத்திருந்த கூட்டம் முழுக்க அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. "மாத்தே எப்பம்மா குடிக்கிறதுல சேர்ந்துச்சு?" என்றது ஒரு குரல். "மூச்சு விட்டீங்களான்னு கேக்கிற மாதிரியில்ல இருக்கு," என்றார் ஒரு கிழவர். சத்தம் கேட்டு மயக்க மருந்து டாக்டர் ஒலிவேரா வெளியே வந்தார். அவர் கையிலும் ஒரு குடுக்கை.

"மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிடும்," என்றார் அலுத்துப்போன குரலில். வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருவார் போலிருக்கிறது. "கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"நீங்க பார்க்கும்போதுதான்."

"நான் ஊசி போட மாட்டேன். வேற தேதி கொடும்மா."

ரோஸ்மாரி கணினியைத் தட்டினாள். "அடுத்த மாசக் கடைசி."

அப்போதுதான் நீபியாவின் கண் குடுக்கையில் பட்டது. வெள்ளிப் பூண். உலிசெஸ் போனபின் அதில் யாரும் இலை போட்டு நீர் ஊற்றியதில்லை. நாற்பதாயிரம் பேசோ அட்டையைக் கழற்றிவிட்டு, இன்று பார்த்து அதில் குடித்திருக்கிறார். திட்டுவதற்காக வாயில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விழுங்கினாள். இன்னொரு மாதம் அந்தக் கேள்வியை வீட்டில் வைத்துச் சோறு போட அவளிடம் தெம்பில்லை.

"இன்னைக்குக் கடைசி ஆள் எத்தனை மணிக்கு?" என்றாள்.

"மூணுக்கு. ஏன்?"

"அதுக்குப் பின்னாடி இவரை வையுங்க. அதுக்குள்ள வயிறு காலியாயிடும்."

"அதுவரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதும்மா. இவர் இருப்பாரா?"

"இருக்க மாட்டாரு. அதனால இதை நீங்க வச்சுக்குங்க." கணவர் கையிலிருந்து குடுக்கையை வாங்கி ஒலிவேராவின் முன்னால் வைத்தாள். "அடமானம். இதுக்குப் பிரேசில்காரன் பதினஞ்சாயிரம் கேட்டான், நான் கொடுக்கல. பரிசோதனை முடிஞ்சாத்தான் திருப்பித் தரணும்."

ஒலிவேரா குடுக்கையைப் பார்த்தார். தார்தோவைப் பார்த்தார். "அம்மா, நீங்க என்ன வியாபாரம்?"

"கதவுப் பிடி."

"அதான்," என்று எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பகல் நகரவில்லை. எதிர்ப் பெஞ்சில், அடுத்த பெஞ்சில், கவுன்ட்டருக்குப் பின்னால், எங்கும் உறிஞ்சல். தார்தோ கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"நீபியா."

"ம்."

"அவனுக்கு வந்ததே வந்திருந்தா..."

"வந்திருந்தா வந்திருக்கு. பேசாம இரு கிழவா, வாய் காயும்."

கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அதுவும் காய்ந்துதான் இருந்தது.

மாலையில் லெத்திசியா படங்களோடு வந்தாள். இன்னும் தூங்கியிருக்கவில்லை போல. "பைகள் வரிசையா இருக்கு, தேன்கூடு மாதிரி. வீக்கம் வடிஞ்சிருச்சு. கடைசி வரைக்கும் குழாய் விட்டுப் பார்த்தாச்சு. கட்டி எதுவும் இல்ல."

"இல்லன்னா இல்லவே இல்லியா?"

"இதுல பேரமே கிடையாதும்மா. இல்ல."

நீபியா அழுவாள் என்று டாக்டர் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. அவள் உட்கார இடம் தேடினாள், அவ்வளவுதான். மயக்கம் தெளிந்துகொண்டிருந்த தார்தோ கேட்ட முதல் வார்த்தை, "குடுக்கை எங்க?"

அடுத்த ஞாயிறு அவர்கள் கடை பரப்பினார்கள். தார்தோ அண்ணனின் குடுக்கையில் நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டே ஒரு பூட்டுக்கு விலை ஏற்றினார். யாரோ குடுக்கையைக் காட்டி என்ன விலை என்றதற்கு, "வாயில இருக்கிறதுக்கு விலை கேப்பாங்களா?" என்றார்.

சாயங்காலம் விரிப்பை மடிக்கையில் நீபியா வழக்கம்போல மனசுக்குள் கணக்கு முடித்தாள். கட்டி: இல்லை. பைகள்: எல்லாம் கையிருப்பில், ஆயுசுக்கும். வலி: போயிருக்கிறது, திரும்பாது என்று யாரும் எழுதித் தரவில்லை. அட்டை: கிழித்தாயிற்று. தவிட்டு ரொட்டி: நாளையும் உண்டு. உலிசெஸுக்குச் செய்யாமல் போன பரிசோதனை: பாக்கி.